சிங்க்கில் நிற்கும் தண்ணீர்

4.6.1989

அன்புள்ள உங்களுக்கு,

நலம். வேலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதியது கிடைத்தது. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவில்லையே.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் சமையலறை சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ இறுக்கினீர்கள். "ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்" என்றீர்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நாலு தட்டு கழுவினால் மணிக்கட்டுவரை தண்ணீர் நிற்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீங்க குடிவர்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார். ஊருக்கெல்லாம் பாய்லர் குழாய் மாட்டுகிற பிட்டர் வீட்டில் இந்தக் கூத்து. என்ன செய்யட்டும்?

தட்டுகளைக் குளியலறைக்குச் சுமக்கும்
உங்கள் மனைவி

11.6.1989

அன்பு மனைவிக்கு,

'நீங்கள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது' என்று ஒரு வரியாவது இருக்கும் என்று உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிங்க் மட்டும்தான் இருந்தது.

வெந்நீர் ஊற்று. சிங்க்குக்குக் கீழே உள்ள வளைவுக் குழாயை மட்டும் கழற்றாதே. மரை தேய்ந்தது, என் கைக்குத்தான் அடங்கும். வெளி ஆள் யாரையும் கூப்பிடாதே. பத்து மாதத்தில் விடுப்பு. வந்து பார்க்கிறேன்.

உன் கணவன்

18.6.1989

அன்புள்ள உங்களுக்கு,

பத்து மாதம் பாத்திரம் கழுவாமல் இருக்க முடியுமா? வெந்நீரும் ஊற்றிப் பார்த்தேன், அதுவும் நின்றது. மேல் வீட்டிலும் இதே தொல்லையா என்று டிராயிங் மாஸ்டரிடம் கேட்டேன். பாவம், மனுஷர் ரப்பர் பம்போடு இறங்கி வந்துவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அழுத்தினார். கொஞ்சம் இறங்கியது. "வளைவைக் கழட்டினா விஷயம் தெரிஞ்சிடும்" என்றார். "அதை அவர் வந்துதான் கழட்டணுமாம்" என்றேன். சிரித்தார். காபி கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் பழையபடி நிற்கிறது.

உங்கள் மனைவி

25.6.1989

மனைவிக்கு,

முக்கால் மணி நேரம் என்று கடிகாரம் பார்த்தாயா? அவர் சட்டைக் கையை மடித்ததுவரை கவனிக்கிறாய். நான் கிளம்பிய அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தேன், சொல் பார்ப்போம். காபியை எந்தக் கோப்பையில் கொடுத்தாய்? பழுப்புக் கோடு போட்டது என்னுடையது.

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது. கோடு இழுக்கிறவருக்குக் குழாயைப் பற்றி என்ன தெரியும்? நாற்பது ஆண்கள் குறட்டை விடும் கொட்டகையில் படுத்துக்கொண்டு அந்த ரப்பர் பம்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கணவன் (மறந்திருக்க மாட்டாய்)

2.7.1989

உன் பதில் வரவில்லை. அவர் மறுபடி வந்தாரா? தண்ணீர் நிற்கிறதா, போகிறதா? அதையாவது எழுது.

9.7.1989

அன்புள்ள உங்களுக்கு,

சாம்பல் நிறச் சட்டை. இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு மாதிரி இருக்கும், நான் தைத்தது. மாஸ்டருக்குக் காபி டம்ளரில் கொடுத்தேன். உங்கள் கோப்பை அலமாரியில் கவிழ்த்தபடி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நானே வளைவைக் கழற்றினேன். கீழே வாளியை வைத்து, ஈரத்துணி சுற்றித் திருகினேன். மரையெல்லாம் தேயவில்லை, சுலபமாக வந்துவிட்டது. உள்ளே ஒரு துணிச் சுருள். நீலக் கட்டம் போட்ட உங்கள் பழைய சட்டை. சுற்றிலும் செப்புக் கம்பி, முனையை இரண்டு முறுக்கு முறுக்கி உள்பக்கமாக மடித்திருந்தது. வீட்டில் கொடிக்கம்பி முதல் குடைவரை அப்படி முறுக்குகிறவர் ஒருவர்தான்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு கோபம். நான் அல்லாடினால்தான் உங்களை நினைப்பேன் என்று யார் சொன்னது? மாஸ்டரை என் சமையலறைக்குள் கூட்டி வந்தது நீங்கள்தான். அந்த மனுஷர் உங்கள் சட்டையோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறார் என்று நினைத்ததும் சிரிப்பும் வந்துவிட்டது.

ஆனால் ஒன்று. போன தடவை வேலைக்குப் போனபோது மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் நாலு வரி. இந்தத் தடவை, போய்ச் சேர்ந்ததாக எழுதியதை விட்டாலும், ஒரே மாதத்தில் மூன்று. ஆத்திரத்தோடு எழுதியதையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படித்தேன். துணியைத் திரும்ப உள்ளே செருகிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

செருகவில்லை. துவைத்து, மடித்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஊற்றினால் போதும், தண்ணீர் போய்விடுகிறது. மாஸ்டர் இனி வர வேண்டிய வேலை இல்லை. சிங்க்கைப் பற்றி நீங்கள் எழுதவும் ஒன்றும் இல்லை.

தபால்காரர் பதினொரு மணிக்கு வருகிறார். வாசலில்தான் நிற்கிறேன்.

உங்கள் மனைவி