சத்தமில்லாமல் பழகிய சண்டை

அக்கா,

இன்று காலை கேம் பெட்டியின், கையில் பிடித்து ஆடுகிற பேடுக்குப் புதுப் பேண்டேஜ் துணி சுற்றினேன். பேண்டேஜ் நெய்கிற ராஜபாளையத்தில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் அந்தத் துணிக்கு வராது. கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "கை வேர்த்தா பட்டன் வழுக்குதுட்டி" என்று முதலில் அதைச் சுற்றியது நீங்கள்தான்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். பெட்டியைப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த உங்கள் வீட்டுக்காரர், என் அத்தான், தனக்கென்று வாங்கினார். அவர் திரும்பிப் போனதும் அது நம் கைக்கு வந்துவிட்டது. ஜப்பான் கார்ட்டூன் தொடர்களில் வரும் ஆட்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டை கேம். நான் எப்போதும் வாள்காரனை எடுப்பேன். நீங்கள் ஒற்றைச் சடை போட்ட ஒல்லிப் பெண்ணை எடுத்து அவனைத் துவைத்து எடுப்பீர்கள். சமையலில் உங்களுக்கு இருந்த பொறுமையில் கால்வாசிகூட அதில் கிடையாது!

ஆனால் மாமனார் பகலில் தூங்குகிற வீடு. டிவி சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டுத்தான் ஆடுவோம். பெரிய அடி விழுவதற்கு முன்னால் அந்த ஆட்கள் எல்லாரும் ஏதோ கத்துவார்கள், வாய் மட்டும் திறந்து மூடும். அதனால் நாம் தோளையும் கையையும் பார்த்தே பழகினோம். "கை பின்னால போச்சுன்னா வெடி வருதுன்னு அர்த்தம்" என்பீர்கள். அந்தப் பெரிய அடிக்கு நீங்கள் வைத்த பேர் வெடி.

அடுத்த லீவில் வந்த அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. பெட்டியைத் தளவாய்புரத்துத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அந்த வீட்டில் நீங்கள் எதற்குமே எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினீர்கள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல கேம் கடையில போட்டி வைக்காக. நான் ஜெயிச்சா பெட்டி இங்கதான் இருக்கும். தோத்தா நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாரேன்."

அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேடிக்கை பார்க்க அவரே கூட்டிப்போனார்.

கடையில் ஸ்பீக்கர் அலறியது. உங்கள் ஒல்லிப் பெண்ணின் குரலை அன்றுதான் முதல்முறை கேட்டோம். "ஏட்டி, இவ இம்புட்டு சத்தமாவா கத்துதா?" என்று நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்தபடியே கடைசி ஆட்டம் வரைக்கும் போய்விட்டீர்கள். எதிரில் உட்கார்ந்தவன் கல்லூரிப் பையன், கெட்டிக்காரன். ஒல்லிப் பெண்ணின் கத்தல் கேட்டதுமே தடுப்பைப் போட்டுவிடுவான். உங்கள் வெடி ஒன்றுகூட அவன்மேல் விழவில்லை. முதல் சுற்று போய்விட்டது. எனக்குத் தளவாய்புரம் பஸ் கண்முன் வந்தது.

இரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து ஒரு குரல் கடையையே தூக்கியது. "விடாத! அடி! அடிங்கேன்ல!" திரும்பிப் பார்த்தால் அத்தான்! யார் தோற்பதைப் பார்க்க வந்தோம் என்பதையே மறந்துவிட்டார் மனிதர். பரேடு மைதானத்தில் பழகிய குரலுக்கு முன் ஸ்பீக்கர் எம்மாத்திரம்? கூட்டமும் சேர்ந்துகொள்ள, பையனுக்கு அந்தக் கத்தலே கேட்கவில்லை. தடுமாறினான். உங்களுக்கு என்றைக்குக் கேட்டது, இன்று கேட்காமல் போக? அந்தச் சுற்றும் உங்களுக்கு, அடுத்ததும் உங்களுக்கு. நான் அழுதேன், அக்கா. சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சேலைகூட மாற்றவில்லை. பெட்டியைப் போட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டீர்கள். கூடம் அதிர்ந்தது. மாமா எழுந்து வந்தார். நான் எழுந்து சுவரோரம் ஒதுங்கினேன்.

"என்னம்மா இது?"

"நான் ஜெயிச்சுட்டேன் மாமா."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்களை நினைத்து அழுவதைவிடப் பெருமைப்படுவதுதான் எனக்கு அதிகம். பெட்டி இங்கேதான் இருக்கிறது. உங்கள் பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் இந்த வீட்டு ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து, நீங்கள் பார்த்த வேலை முழுக்க இனி என் தலையில்தான் என்று என்னைக் கேட்காமலே முடிவெடுக்கப் பார்த்தார்கள். நான் உள்ளிருந்தே பேசினேன். தெருவுக்கே கேட்டதாம்.