கானா, கென்யா, காலைக்கடன்

அக்டோபர் 6, திங்கள்

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் அக்டோபர் வந்தும் வெயிலுக்குப் போக மனமில்லை. கரண்ட் பில் வந்திருக்கிறது. பிரிக்கவில்லை.

மெயில் வந்துவிட்டது. இரண்டாம் சுற்று. 15ஆம் தேதி, ஹூஸ்டன் ஆபீஸில், நேரில். வெளிநாட்டில் முதலீடு செய்கிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தரும் கம்பெனி. கேள்வி இதுதான்: கஸ்டமர் ஒருவர் கானாவிலும் கென்யாவிலும் குளிர்பதனக் கிடங்கு கட்டப்போகிறார். இரண்டு நாடுகளின் பொருளாதாரத்தையும் அரசுக் கடனையும் ஒப்பிட்டு, எதற்கு நீண்டகால இன்ஷூரன்ஸ் தரலாம், எதற்குக் குறுகிய காலம் போதும், சொல்ல வேண்டும். கால் மணி நேரம்.

எனக்கு இது அல்வா. சென்னையில், கடனுக்குத் தரம் போடும் ரேட்டிங் கம்பெனியில் இருந்தபோது மாநில மின்வாரியக் கணக்குகளைப் பிரித்து மேய்ந்தவள். அதைவிடச் சிக்கலான நாடு உலகத்தில் இருக்க முடியாது.

செந்திலிடம் சொன்னேன். அவர் பாத்ரூமில். வழக்கம்போல் போனோடு உள்ளே போனவர். கதவு வழியாகத்தான் பேச்சு.

"கானா எங்க இருக்குது?"

"ஆப்பிரிக்காவுல மேக்கால. கென்யா கிழக்கால. நீங்க மொதல்ல வெளிய வாங்க, இனியாவுக்கு பஸ் போயிரும்."

"தோ, ரெண்டே நிமிஷம்."

பஸ் போய்விட்டது. திங்களும் புதனும் அவர் முறை, பேருக்கு. நான்தான் மகளைக் காரில் ஸ்கூலில் கொண்டுபோய் விட்டேன்.

டிபெண்டண்ட் விசாவில் வந்து ஒன்பது வருஷம் வேலை பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். போன வருஷம்தான் கிரீன் கார்டு. அதற்கப்புறம் போட்ட அப்ளிகேஷனுக்கெல்லாம் ஒரே பதில், ரெஸ்யூமேயில் நீண்ட இடைவெளி. கூப்பிட்டது இந்தக் கம்பெனி மட்டும். இதுவும் போனால்... போகாது.

வாங்க: புளி, கறுப்பு ஷூ (பழையது வாய் பிளந்துவிட்டது), தீபாவளிக்கு நல்லெண்ணெய், சீயக்காய்.

அக்டோபர் 8, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. காலையிலிருந்து டைனிங் டேபிளில். சாப்பாடு நேற்றைய சாம்பார்.

கென்யா: தேயிலை, பூ, டூரிசம், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம். நான்கு காலில் நிற்கிற நாடு. வாங்கிய கடனுக்கு ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனால் பெரிய டாலர் கடன் முதிர்ந்தபோது, அதிக வட்டிக்குப் புதுசு வாங்கிப் பழையதை அடைத்தார்கள். வரியை ஏற்றப் பார்த்தார்கள், இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், மசோதா வாபஸ். வரும் வரிப்பணத்தில் பெரும்பங்கு வட்டிக்கே போகிறது.

கானா: தங்கம், கோகோ, எண்ணெய். விலை ஏறினால் சிரிப்பு, இறங்கினால் அழுகை. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று கை விரித்த நாடு. பிறகு கடன்காரர்களோடு உட்கார்ந்து பேசி, தொகையைக் குறைத்து, தவணையை நீட்டி வாங்கினார்கள். இப்போது தங்கம் விலை கைகொடுக்கிறது. செடி, அதாவது அவர்கள் நாணயம், தெம்பாகிவிட்டது. (தட்டச்சில் 'செடி' என்று வந்தால் இனியா மரம் செடி என்று நினைப்பாள்.)

வருகிற எல்லோரும் கென்யாவைத்தான் சொல்வார்கள். தவணை தவறாத பிள்ளை. நான் கானா. கட்டி உடைந்து சீழ் வெளியே வந்தாயிற்று, இனி ஆறத்தான் செய்யும். கென்யாவுக்கு உள்ளே இன்னும் விண் விண் என்று தெறிக்கிறது. கிடங்கு என்பது பல வருஷத்துச் சமாச்சாரம், பல வருஷத்தைத்தான் பார்க்க வேண்டும்.

செந்தில் ஸ்லைடைப் பார்த்தார்.

"சீட்டுப் பணம் கட்டாம ஓடுனவன நம்பி மறுபடியும் சீட்டுல சேக்கறயா?"

"ஓடல. எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசித் தீத்துருக்கறான். வித்தியாசமிருக்குது."

"இன்டர்வியூல சேஃபா பேசு கண்ணு. ரிஸ்க் எடுக்காத."

ரிஸ்க்கை எடை போடும் வேலைக்குத்தானே போகிறேன். சொன்னால் சண்டை வரும். சொன்னேன். வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

பஸ் ஸ்டாப்பில் அபெனா. எதிர் வீடு, ஆஸ்பத்திரியில் நர்ஸ், கானாக்காரி. அவள் மகன் இனியாவின் வகுப்பு. இரண்டு வருஷமாக ஜாதிப்பூ வளர்ப்பதையும் டயர் விலையையும் பேசியிருக்கிறோம், கானாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

சொன்னதும் ஸ்லைடு பார்க்கக் கேட்டாள். போனில் காட்டினேன். நான்காவதில் நின்றுவிட்டாள். அதில் நான் எழுதியிருந்தது: 'உள்நாட்டுக் கடன், குறைப்பது எளிது.'

எளிதா என்று கேட்டாள். அவள் அப்பா ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். சேமிப்பு முழுவதையும் அரசாங்கப் பத்திரத்தில் போட்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களுக்கும் வட்டி குறையும், பணம் தாமதமாகத்தான் வரும் என்று அரசாங்கம் அறிவித்ததும், அந்த மனிதர் டை கட்டிக்கொண்டு மற்றப் பெரியவர்களோடு நிதி அமைச்சக வாசலில் அட்டை பிடித்து நின்றிருக்கிறார். கடைசியில் ஓய்வூதியக்காரர்களை விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் அதற்கப்புறம் பாங்குக்குப் போவதென்றாலே சட்டை மாற்றாமல் உட்கார்ந்துகொள்கிறாராம்.

அவள் கோபப்படவில்லை. பஸ் வந்தது, பிள்ளைகள் ஏறினார்கள், அவள் டியூட்டிக்குப் போனாள். எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. ஒன்பது வருஷம் வீட்டில் இருந்ததில் எக்ஸெல் மறக்கவில்லை, எக்ஸெல்லுக்குள் ஆள் இருப்பது மறந்திருக்கிறது.

நான்காவது ஸ்லைடை அழித்தேன். புதுசு: 'உள்நாட்டுக் கடனைக் குறைத்தால் அடி வீட்டுக்குள் விழும். கானா அந்த அடியை வாங்கிவிட்டது. கென்யாவின் கடனில் பாதிக்குப் பக்கம் உள்நாட்டில்தான். நெருக்கடி வந்தால் அவர்கள் பாங்கும் பென்ஷன் பணமும் மாட்டும்.' வாதம் முன்னைவிடப் பலம். அபெனாவுக்கு ஒரு டப்பா முறுக்கு கடன்பட்டிருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தமிழ்ப் பள்ளி. பார்க்கிங் கிடைக்கவில்லை. வகுப்பில் உதவிக்கு வரும் காலேஜ் பெண் வாசலில் சொன்னாள்: "ஆன்ட்டி, உங்க பொண்ணு இன்னிக்கு எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டா."

பாடத்தில் ஒரு வரி: 'தாத்தா அதிகாலையில் எழுந்து காலைக்கடன் முடித்தார்.' இங்கிலீஷில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இனியா எழுந்து நின்று, தாத்தா காலையிலேயே எழுந்து லோனைக் கட்டி முடித்தார் என்றிருக்கிறாள். டீச்சர் சிரித்து மேஜையில் படுத்துவிட்டாராம்.

காரில் கேட்டாள். "பட் அம்மா, கடன் மீன்ஸ் லோன், ரைட்? யூ ஸே இட் ஆல் டே."

"கடன்னா லோன்தான். காலைக்கடன்னா பாத்ரூம் போறது, பல்லு வெளக்கறது. காலையில செஞ்சே ஆகணும்ல, அதான்."

"ஸோ ஹி பேஸ் இட் எவ்ரி மார்னிங், அண்ட் நெக்ஸ்ட் மார்னிங் இட்ஸ் பேக்?"

ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டேன். அதேதான். அரசாங்கம் விற்கும் மூன்று மாதக் கடன் பத்திரம், டிரெஷரி பில். இன்றைக்கு அடைக்கிறார்கள், அடைக்கிற அன்றைக்கே புதிதாக வாங்குகிறார்கள். எங்கள் தொழிலில் ரோல் ஓவர் என்போம். கடன் முடிந்த மாதிரி இருக்கும், மறுநாள் திரும்ப நிற்கும். வெளியே யாரும் கடன் தராத காலத்தில் கானா இதை வைத்துத்தான் காலம் தள்ளியது. என் கட்சியின் பலவீனமே அதுதான். ஒளிக்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுவேன்.

வீட்டில் சொன்னதும் செந்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அதிகம் சிரிக்க உரிமை இல்லாதவர் அவர்.

அக்டோபர் 15, புதன்

முடிந்தது. கொட்டும் மழை. ஷூ கடித்தது.

எதிரே மூன்று பேர். தலைவர் டாம், வெள்ளைத் தாடி, சுற்றி வளைக்காத ஆள். மற்ற இருவரும் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள். காலைக்கடனைச் சொன்னேன், மகள் கதையோடு. டாம் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். பிறகு உடனே கத்தியைச் சொருகினார்:

கடனைக் கட்டாத நாட்டை எப்படி நம்புவது?

சொன்னேன். கட்டாத நாளை மறக்க வேண்டாம், ஆனால் அதை மட்டும் பார்த்து விலை போடக் கூடாது. திரும்பி வந்த நாடு இன்றைக்கு என்ன செய்கிறது, பட்ஜெட்டை எப்படி நடத்துகிறது, பில் விற்று எவ்வளவு கடன் வாங்குகிறது, அதைப் பாருங்கள். இல்லையென்றால் கடன் சந்தையை விட்டு விலகி இருந்த காலத்துக்கு ஆயுசு முழுக்க அபராதம் வாங்குகிறீர்கள். ஆறாவது ஸ்லைடில் அதைத்தான் எழுதியிருந்தேன்.

அடுத்த கேள்வி, நோட்டிலிருந்து தலை நிமிர்ந்த பெண்மணி: உங்கள் ரெஸ்யூமேயில் ஒன்பது வருஷ இடைவெளி, அதைப் பற்றி?

விசா, சட்டம் விடவில்லை என்றேன். குரல் ஆடவில்லை. காருக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிப் பின்சீட்டில் வீசினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எச்ஆர் போன். வேலை உண்டு. ஆனால் சீனியர் இல்லை, அதற்குக் கீழே ஒரு படி. 'இடைவெளியைக் கருத்தில் கொண்டு.' செவ்வாய்க்குள் பதில்.

முதல் ஐந்து நிமிடம் சந்தோஷம்தான். பிறகு அந்த ஒரு படி உறுத்தியது.

செந்தில் சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன் கையில் இல்லை.

"வாங்கிக்க கண்ணு. உள்ள போயிட்டா அப்பறம் பாத்துக்கலாம். ஒன்பது வருஷம் சும்மா இருந்ததுக்கு இதே பெருசு."

"சும்மாவா இருந்தேன்?"

"அப்படிச் சொல்லல."

"சொன்னீங்க."

அவர் முகம் சிறுத்தது. ஒற்றைச் சம்பளத்தில் வீட்டுத் தவணையைக் கட்டி வந்தவர், அவர் பயம் எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். கேட்டு, இருப்பதும் போய்விட்டால்? இந்த வயதில் இன்னொரு மெயில் வருமா? ஆனால் கானாவுக்காக அத்தனை வாய் பேசிவிட்டு எனக்கென்று வரும்போது தலையாட்டினால், அந்த ஆறாவது ஸ்லைடு பொய். நான் பொய் ஸ்லைடு போடுகிறவள் இல்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிவதற்கு முன் எண்ணெய்க் குளியல். இனியாவுக்கு ஸ்கூல், செந்திலுக்கு ஆபீஸ், இங்கே யாருக்கும் லீவு இல்லை. அதிரசம் கல்லு மாதிரி. அபெனாவுக்கு முறுக்கு கொடுத்தாயிற்று.

ஒன்பது மணிக்கு, தலையில் துண்டோடு, டாமையே கூப்பிட்டேன். எச்ஆர் வழியாக இல்லை.

ஆறாவது ஸ்லைடைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். விலகி இருந்த காலத்துக்கு ஆயுசு முழுக்க அபராதம் கூடாது என்று நான் சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள் என்றேன். நாட்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்றேன். சீனியர் இடம்தான் வேண்டும், ஆறு மாதத்தில் வேலை பிடிக்கவில்லையென்றால் நீங்களே இறக்குங்கள் என்றேன்.

கமிட்டியிடம் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை குரல்.

போனை வைத்ததும் அதிரசம் மூன்று தின்றேன். மாலையில் செந்திலிடம் சொன்னேன். மத்தாப்பைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தார்.

அக்டோபர் 21, செவ்வாய்

போன் வரவில்லை. துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

அக்டோபர் 22, புதன்

காற்று கொஞ்சம் குளிர். ஸ்கூல் பிக்கப் வரிசையில் காரில் இருந்தபோது டாம்.

கிடங்கு விஷயத்தில் கம்பெனி கென்யாவுக்குத்தான் நீண்டகால இன்ஷூரன்ஸ் தரப்போகிறதாம். கானா-கென்யாவில் கமிட்டி உங்களோடு உடன்படவில்லை என்றார். உங்கள் விஷயத்தில் உடன்படுகிறது, சீனியர், நவம்பர் 3 சேருங்கள் என்றார்.

நன்றி சொன்னேன். கென்யாவைப் பற்றி நீங்கள் செய்வது தப்பு, சேர்ந்ததும் பேசுவோம் என்றும் சொன்னேன். சிரித்தார். பின்னால் ஹாரன். வரிசை நகர்ந்திருக்கிறது, நான் நகரவில்லை.

இனியா ஏறியதும் அழுதேன். "ஆர் யூ ஸேட்?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

செந்தில் வந்ததும் கட்டிக்கொண்டார். "சும்மான்னு சொன்னது தப்பு," என்றார், காதுக்குள். அப்புறம் நிமிர்ந்து, "ஆமா, ஹூஸ்டன் டிராஃபிக்குல நீ ஆறரைக்கே கெளம்பணும். இனியாவ பஸ்ஸுக்கு யாரு விடுவா?"

"நீங்கதான். அஞ்சு நாளும்."

மூன்றாம் தேதியிலிருந்து அவருடைய காலைக்கடனுக்கு, 'தோ, ரெண்டே நிமிஷம்' என்கிற ரோல் ஓவர் கிடையாது.