பெல்ட் ஃபேனா, கரண்டு ஃபேனா

சாஆ, ஜோகூர், மலேசியா

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், சேற்றிலும் ஓடுகிற அப்பாவின் ஃபோர்வீல் வண்டிக்கு மட்டும் சுகமில்லை. டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார். இது திருத்தம் இல்லாமல் உனக்கு வந்து சேர வேண்டிய சங்கதி, அதனால் இட்லிப் பொடி பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

கட்டிக்கொண்டால் அவரைத்தான் என்று நீ சொன்ன ரூபேந்திரன், போன சனிக்கிழமை உலு திராமிலிருந்து நம் வீட்டுக்கு வந்தது. பெண் கேட்டு வருகிற பிள்ளை என்று நான் கேசரி கிண்டி, உளுந்து வடை சுட்டு, புதுச் சேலை கட்டி நின்றேன். வாசலுக்குப் போன உங்கப்பா பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, அது வந்த வண்டியைப் பார்த்தார். அதுவும் ஃபோர்வீல். பானட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிற ஃபேனைக் கழற்றிவிட்டு ரேடியேட்டருக்கு இரண்டு கரண்டு ஃபேன் மாட்டி வைத்திருந்தது அந்தப் பிள்ளை. அதற்குமேல் அப்பாவுக்குக் குலம் கோத்திரம் எதுவும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பாமாயில் மில்லில் ஃபிட்டராக இருந்தவர் ஆயிற்றே, எஞ்சின் சுற்றினால் ஃபேன் சுற்றும், இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது, கரண்டு என்றால் ஒரு வயர் அறுந்தால் கதை முடிந்தது என்று ஆரம்பித்தார். அந்தப் பிள்ளையும் பணிவாகத்தான் பதில் சொன்னது, ஆனால் விடவில்லை. சேற்றில் ஊர்ந்து போகும்போதுதான் எஞ்சின் சூடு தணியக் காற்று அதிகம் வேண்டும், அப்போது பெல்ட் ஃபேனும் எஞ்சினோடு சேர்ந்து மெதுவாகத்தான் சுற்றும், தண்ணீரில் இறங்கும்போது கரண்டு ஃபேனை நிறுத்தி வைக்கலாம், பெல்ட் ஃபேனை அப்படிச் சுவிட்சில் நிறுத்த முடியாது என்றது. கேசரி ஆறிப்போனது. இரண்டு பேரும் உன் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நானே குறுக்கே போய்க் கல்யாணப் பேச்சை எடுத்தேன். கரண்டு ஃபேனை நம்புகிறவனை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று அப்பா என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை ம்மா.

சரி, பேச்சு எதற்கு, கெபுனுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். நம் செம்பனைக் கெபுனில் முந்தின நாள் நல்ல மழை, தோட்டத்து ஓடை நிறைந்து கிடந்தது. அப்பா அவர் வண்டியில் முன்னால், நானும் அந்தப் பிள்ளையும் அதன் வண்டியில் பின்னால். ஓடைக் கரையில் அந்தப் பிள்ளை இறங்கி ஓடி, ஃபேன் சுற்றாமல் இருக்கப் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு இறங்கலாமா அங்கிள் என்று கேட்டது. அவர் பிடித்த முயலுக்குத்தான் என்றைக்கும் மூன்றே கால் ஆயிற்றே, அப்படியே இறங்கினார். பாதி ஓடையில் ஃபேன் தண்ணீரை வாரி அடித்து, வளைந்து, ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. ரூபேந்திரன் ஃபேனை நிறுத்திவிட்டுத் தன் வண்டியைத் தண்ணீருக்குள் விட்டுக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றியது. வெளியே வந்ததும் ஃபேன் சுவிட்சைப் போட்டது, ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவோ குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர், தப்பு ஓடை மேல் என்று சொல்லிவிட்டு, இழுபடுகிற வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தானே ஓட்டி வருகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் பிள்ளைக்குப் பக்கத்தில் முன்சீட்டில் இருந்தேன். தூறல் வேறு, குளிர் வேறு. அந்தப் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் ஃபேன் படம் போட்டிருந்தது. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் நான் என்ன பாட்டுப் பாடுவேன் என்று உனக்குத் தெரியும். இந்தக் குளிரில் யாருக்கு ஃபேன் என்று நினைத்தேன், கை தானாகப் போய் அணைத்துவிட்டது. பிள்ளைக்குக் கவனமெல்லாம் பின்னால் இழுபடுகிற உங்கப்பா மேல். கொஞ்ச தூரத்தில் பானட்டிலிருந்து ஆவி பறந்தது. பின்வண்டியிலிருந்து இறங்கி வந்த அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், உனக்கு வேலை கிடைத்த அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. “நான் சொன்னேன்லா” என்றார். ரூபேந்திரன் அணைந்து கிடந்த சுவிட்சைப் பார்த்தது. என்னை ஒரு தரம் பார்த்தது. சத்தமில்லாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு, “வயர் எங்கயோ லூசு அங்கிள், நான் சரியா மாட்டல” என்றது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார், இந்தச் சம்பந்தம் வேண்டாம், ஒரு வயரை ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் என்று. கேட்க வந்த பெண் கிடைக்காமல் போனாலும் சரி, பெண்ணின் அம்மா தலைகுனியக் கூடாது என்று நின்ற பிள்ளை ம்மா அது. வெட்கத்தை விட்டுச் செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், தட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரசத்துக்கு உப்புப் போட மறந்திருந்தேன், அதையும் கேட்காமல் சாப்பிட்டார். தினமும் போய்ப் பானட்டைத் திறந்து அந்த வளைந்த ஃபேனைப் பார்த்துவிட்டு வந்தார்.

இன்று காலை அடுப்படி வாசலில் வந்து நின்றார். “அந்தத் தம்பிய வர்ற ஞாயிறு வரச் சொல்லு. நம்ம வண்டிக்கும் கரண்டு ஃபேன் போடட்டும். சுவிட்ச மட்டும் உன் கை எட்டாத எடத்துல வைக்கச் சொல்லு” என்றார். நாலடி போனவர் திரும்பி, “அவங்க அம்மா அப்பாவும் வரட்டும், ஃபேன் மாட்ட ஒரு ஆள் பத்தாது” என்றார். ஃபேன் மாட்டச் சம்பந்தியம்மா எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாமி அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, கேசரிக்கு ரவை இருக்கிறதா என்று பார்த்தேன்.

மாரியாத்தா உங்கள் இரண்டு பேரையும் நல்லபடியாகச் சேர்த்து வைப்பாள், நீ மஞ்சள் குங்குமத்தோடு நூறாண்டு இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது விளக்கு, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போ. மாப்பிள்ளை வண்டியில் ஏறினால் மட்டும் கையை மடியில் வைத்துக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா யோகேஸ்வரி