அப்பாவின் அங்கிக்கு எழுதிய சீட்டு

அன்பு மகளுக்கு,

நான் நலம். சைகோனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

இங்கே கல்லூரி மாணவர்கள் ஊரின் பழம்பொருள்களைத் திரட்டி ஒரு காட்சிசாலை அமைத்திருக்கிறார்கள். உன் அப்பாவின் கறுப்பு அங்கியைக் கேட்டு வந்தார்கள். அங்கியின் அருகே வைக்கும் சீட்டில் நீதிபதி அணிந்தது என்று எழுதச் சொன்னேன்.

"அதுக்குக் காயிதம் எதனா இருக்குதா மதாம்?" என்றான் ராயப்பன் என்ற மாணவன்.

"என் வார்த்தை போதாதா?"

"எங்க ஆயாவே சொன்னாலும் காயிதம் பாக்காம எழுத மாட்டோம் மதாம்."

கோபம் வந்தது. ஆனாலும் கன்னியர் மடத்தில் படித்தவள் நான். அவன் கேட்டது சரி என்று தெரிந்தது. பென்ஷன் உத்தரவை எடுத்துக் கொடுத்தேன். பிரெஞ்சு நீதிமன்ற எழுத்தர் என்றுதான் அதில் இருக்கிறது. எழுத்தருக்கும் அதே அங்கிதான். அதைக் காட்டித்தான் உன் கல்யாணப் பேச்சின்போது உன் மாமியாரிடம் அவரை நீதிபதி என்று சொன்னேன். உனக்கும் திருத்திச் சொன்னதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் உன் மாமியாரை நானே காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறேன். அவர் கோபித்தால் என்மேல் கோபிக்கட்டும். உன்னை ஒன்றும் சொல்ல விடமாட்டேன்.

நேற்று போய்ப் பார்த்தேன். சீட்டில் அப்பாவின் முழுப்பெயரும் வேலையும் பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் இருக்கின்றன. இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன்.

உன் அம்மா