பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை

ஒருநாளும் பெயர் சொல்லாமல் 'தம்பி' என்றே என்னைக் கூப்பிட்ட செல்லையா அண்ணே,

பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைத்தானே கேட்பீர்கள்? மறுநாளே சேற்றிலிருந்து தூக்கிவிட்டார்கள். கழுவி எண்ணெய் போட்டதும் ஓடத் தொடங்கிவிட்டது. அரபு நாட்டுக்கு வந்து, தேராவில் கிரீக் கழியோரம் நாம் தோண்டிய அதே அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீரை இப்போதும் அதுதான் இறைக்கிறது. உங்கள் இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் அண்ணே. மண் சரியத் தொடங்கியதும் "ஏறுங்கடா, ஏறுங்கடா" என்று எங்களையெல்லாம் ஏற்றிவிட்டு நீங்களும் மேலே வந்துவிட்டீர்களே! பிறகு எதற்குத் திரும்ப இறங்கினீர்கள்? சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பம்பு கெடக்குதுப்பா, நம்ம பொறுப்புல்ல" என்று உதறிவிட்டுப் போனீர்கள்.

சுடுகாட்டில் ஃபோர்மேன் கண்கலங்கி, "நல்ல ஆளு. டூட்டியிலயே போயிட்டான்" என்றார். பொய்க் கண்ணீர் இல்லை. ஆனால் நான் கொள்ளி வைத்துத் திரும்பியதும், "நாளைக்கி டூட்டி, மறந்துராதே" என்றார். மொட்டைத் தலையோடு போய் நின்றேன். பால் தெளிக்க வெள்ளிக்கிழமை லீவு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முன்பு ஒருமுறை நீங்கள் கடிதத்துக்குப் பதிலாக ஊருக்குக் கேசட்டில் "டூட்டி விடமாட்டேங்குது" என்று பேசி அனுப்பினீர்கள். அண்ணி பதில் கேசட்டில், "யாருங்க அந்த டூட்டி? எந்நேரமும் அவகூடத்தானா?" என்று கேட்டதும் ரூமே உருண்டு சிரித்தது. போன வாரம் அண்ணியிடமிருந்து எனக்கு ஒரு கேசட் வந்தது. பாதி அழுகைதான். "மேல வந்தவுக ஏன் தம்பி திரும்ப எறங்குனாக?" என்று கேட்கிறார்கள்.

நான் என்ன பதில் பேசுவது? கடமை என்று சொல்லலாம். யாருக்குச் செய்கிற கடமை? பம்புக்கா அப்பன் வேண்டும்? உங்கள் மகனுக்கல்லவா வேண்டும்?

நேற்று மறுபடி மண் சரிந்தது. எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக நானும் ஏறினேன். கீழே பம்பு மூழ்கிக்கொண்டிருந்தது. "பம்ப்! பம்ப் எடு! ஜல்தி!" என்று ஃபோர்மேன் கத்தினார். என் கால் ஏணியில் ஒரு படி இறங்கியும் விட்டது. உங்களோடு வேலை செய்த பழக்கம்.

அங்கேயே நின்றுவிட்டேன். "ஆளெல்லாம் மேல வந்தாச்சு பாய். டூட்டி கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"ஊருக்கு அனுப்பிருவேன்!"

"அனுப்புங்க. உசிரோட அனுப்புங்க."

இன்று காலை பம்பைத் தூக்கிக் கழுவி மறுபடி ஓடவிட்டார்கள். இன்னும் முடிவு தெரியவில்லை அண்ணே. அனுப்பினால் அண்ணியை நேரில் பார்த்துப் பதில் சொல்கிறேன். வைத்துக்கொண்டால் வேலையில் குறை வைக்கமாட்டேன். ஆனால் எந்தக் குழியில் இறங்கினாலும் ஏறி வருவேன். ஏறியபின் எதற்காகவும் திரும்ப இறங்கமாட்டேன். உங்கள் மகன் தலையெடுக்கும்வரை உங்களுக்குத் திதி கொடுக்க ஓர் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

உங்களுக்குக் கொள்ளி வைத்த தம்பி,
மாணிக்கம்