உன் முகத்தின் மேல் அச்சான முகம்

இன்று காலை கலர் சரிபார்க்க அச்சு மிஷினில் பழைய லேபிள் அச்சான வேஸ்ட் தாளை விட்டேன். வெளியே வந்த தாளில் நீ இருந்தாய். உன் முகத்தின் மேல் இந்த வருஷத்து டிவி பாட்டுப் போட்டிப் பெண்ணின் முகம் விழுந்து, நாலு கண்ணும் இரண்டு மைக்குமாகக் கிடந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "சிவப்பு தூக்கலா இருக்குலே" என்றார். அவர் கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரவெடிப் பெட்டி லேபிளில் உன் முகத்தைப் போட்ட வருஷம் உனக்கு மறந்திருக்காது. தீபாவளி லோடு கிளம்பியாக வேண்டும், டிவியில் இறுதிச் சுற்று இன்னும் வரவில்லை. "நம்ம ஊருப் பய, ஜெயிச்சிருவான்லே. முதல் பரிசுன்னே போடு" என்றார் முதலாளி. போட்டேன். நானும் நம்பினேன், அதுதான் வெட்கக்கேடு. நீ மூன்றாவதாக வந்தாய். 'முதல்' என்ற சொல்லை மறைத்து வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட ஒரு வாரம் உட்கார்ந்தேன். நீயும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உன் முகத்துக்குக் கீழே நீயே ஒட்டினாய். "ஏலே, மூணாவதும் பரிசுதான" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த டிவிக்காரர்களுக்கு உன் குரலா வேண்டியிருந்தது? எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் மருந்துப் பொடி ஏறிச் சாம்பல் பூத்த உன் அம்மாவின் கைகள்தான் வேண்டியிருந்தன. அவற்றைக் காட்டினார்கள். நடுவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். விளம்பரம் வந்தது. "பெரிய பாடகனா வருவே" என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த தீபாவளிக்குள் வேறொருவன் பெட்டியில் ஏறிவிட்டான். உனக்குக் காதுகுத்துக் கச்சேரியும் கல்யாணக் கச்சேரியும்தான் மிச்சம். சொந்தப் பாட்டு ஒன்றாவது ஊர் வாயில் நிற்க வேண்டும் என்பது உன் ஆசை. மல்லாங்கிணற்றுக் கல்யாணத்தில் நீ மெட்டுப் போட்ட பாட்டைத் தொடங்கினாய். இரண்டு அடி கூடப் போகவில்லை. "தம்பி, டிவில பாடுனீகள்ல, அதப் பாடுங்க" என்றார்கள். நீயும் எவனோ மெட்டுப் போட்ட சினிமாப் பாட்டைப் பாடித் தொலைத்தாய்.

"பிரஸ்ஸுக்கு வந்துரு, மிஷினுக்கு ஆள் இல்ல" என்று எம்புட்டுச் சொன்னேன். "இன்னும் ஒரு வருஷம் பாப்பம்லே" என்றாய். மஞ்சள் காமாலை அந்த ஒரு வருஷத்தையும் தரவில்லை.

போன வாரம் அந்த டிவியிலிருந்து ஒரு பெண் பேசினாள். புது சீசனில் உனக்கு அஞ்சலி செலுத்தப் போகிறார்களாம். நான் வந்து உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம், அழுகை வந்தால் அடக்க வேண்டாமாம்.

"அவன் பாட்டு ஒண்ணு சொல்லுங்க, வாரேன்" என்றேன்.

அந்தச் சினிமாப் பாட்டைச் சொன்னாள்.

"அது அவன் பாட்டு இல்ல. போனை வைங்க" என்றேன்.

உன் பாட்டு என் போனில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரஸ்ஸுக்கு வந்து நின்று பாடினாய், பின்னால் கட்டிங் மிஷின் சத்தம் கேட்கும். மூன்றாவது அடியில் சுருதி விலகுவாய். நடுவர்கள் கேட்டிருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பார்கள்.

இன்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஸ்டிக்கர் படாத 'முதல் பரிசு' அதில் அப்படியே இருக்கிறது. மிஷினை ஓட்டிக்கொண்டே உன் பாட்டை முழுதும் பாடினேன். மூன்றாவது அடியில் நீ விலகிய இடத்திலேயே நானும் விலகினேன். எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும்.