அப்பா வலப்பக்கம்தான் வருகிறார்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்து, உன் அறையிலேயே தங்கியிருக்கிற நர்ஸ் அக்காவிடம்கூடக் காட்டாதே. அவர் அப்பாவோடு போனில் பேசுகிறவர். பதிலை வீட்டுக்கு எழுதாதே. உறையின் பின்னால் இருப்பது எங்கள் கணக்கு டீச்சரின் முகவரி. நலம்கூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்கிறார். நானும் 'நல்லா இருக்கேம்மா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு அடுத்த மாதம் விமானப்படையின் சோதனை. விமானம் ஓட்டுகிற திறமை இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஆயுளில் ஒரே தடவைதான் அனுமதி, தவறினால் தவறியதுதான். அப்பா முன்னறையில் ஒரு விமானமே கட்டிவிட்டார். பலகையில் பழைய சைக்கிள் பெடல், பட்டறையிலிருந்து கொண்டுவந்த கியர் கம்பி, எதிரே கம்ப்யூட்டர். அண்ணன் காலாலும் கையாலும் திரையில் ஓடுகிற புள்ளியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் இயர்போனில் வருகிற ஒலி உயர்ந்தால் ஒரு பொத்தான், தாழ்ந்தால் இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்து தப்பு எண்ணுவது என் வேலை. 'குட்டி, நீ என் வாத்தியாரைவிட மோசம்' என்பான்.

போன வாரம் பாடம் கேட்க அந்த இயர்போனை எடுத்தேன். இடப்பக்கம் செத்துக் கிடந்தது. ஒயரை எலி கடித்திருக்கிறது. 'இத வச்சிக்கிட்டா பிராக்டிஸ் பண்றே?' என்று அண்ணனிடம் கேட்டேன். வாங்கி, இடக்காதில் வைத்துப் பார்த்து, தலையையும் ஆட்டினான். 'நல்லாத்தான் கேக்குது. உன் காதுலதான் அழுக்கு' என்றான். எப்படிக் கேட்கும் அம்மா?

மறுநாள் காலையில் மேஜைமேல் புது இயர்போன் இருந்தது. 'பழசு சரியில்லையாமே' என்றார் அப்பா. நான் அண்ணனிடம் மட்டும்தான் சொன்னேன்.

அன்று சாப்பிடும்போது வேண்டுமென்றே அவன் இடப்பக்கம் உட்கார்ந்து, தோள்மேல் பல்லி என்று மெல்லச் சொன்னேன். பல்லி என்றால் நாற்காலிமேல் ஏறுகிறவன் அவன். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். எதிரே இருந்த அப்பா என்னைத்தான் பார்த்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

போன வருடம் மார்க் வந்த அன்று அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, நினைவிருக்கிறதா? அன்று குளியலறைத் தரை காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அப்பா குரலையே உயர்த்துவதில்லை. அண்ணனுக்குப் புது ஷூ, புதுச் சட்டை. அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டாவது வலப்பக்கம்தான் வருகிறார். அவர் நல்லவராக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடுகிறது.

குப்பைக்கூடையில் காகிதத்தில் சுருட்டிய பஞ்சு கிடக்கிறது. மஞ்சளாக, நாற்றத்தோடு. அது என்னவென்று நர்ஸான உனக்குத்தான் தெரியும். அப்பா யாரோ ஒரு டாக்டரிடம் போனில், 'சர்ட்டிபிகேட்ல காது பக்கம் மட்டும் கொஞ்சம் பாத்து எழுதுங்க' என்றதையும் கேட்டேன். வேறு யாருடைய காதாகவாவது இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன்.

நேற்று அண்ணனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். சிரித்தான். 'பறக்கறதுக்கு ஒரு காது போதும் குட்டி. மேல யாரு வந்து ரகசியம் பேசப் போறா?' என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். 'அம்மாவுக்குத் தெரிஞ்சா அப்பாவைக் கேப்பாங்க. வீடே உடைஞ்சிடும். நான் பாஸாயிட்டா எல்லாம் சரியாயிடும்' என்றான். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது வைத்தியம் பார்த்தால் தேறுமா? தேறாது என்றால் அவனை யார் தடுப்பது? மேலே போனபின் இருக்கிற காதும் போனால்? உனக்கு லீவு கிடைத்துவிட்டது, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வா. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே. சோதனைக்கு முன்னால் வந்துவிடு. வந்ததும் அவன் இடப்பக்கம் நின்று ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார், போதும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்

கதவைத் தட்டுகிற சத்தம். போர்வைக்குள் டார்ச் வைத்துத்தான் எழுதுகிறேன், அப்படியும் வெளியே தெரிந்துவிட்டது போல. தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். அண்ணன் இதே அறையில்தான் தூங்குகிறான், வலக்காதைத் தலையணையில் வைத்துக்கொண்டு. அப்பா மறுபடி தட்டுகிறார். அண்ணா என்று கூப்பிட்டேன். பக்கத்தில் போய் இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை அம்மா, நீ